மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள்

முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள், கிரைண்டர் நின்றுவிட்டது என்றோ ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றோதான் கூப்பிடுகிறார்கள். போனதும் நான் முதலில் கேட்பது மிக்ஸி ஜாரை. கழுவிக் கவிழ்த்திருக்கும் ஜார்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சமைக்கிற அக்காவுக்கு இது விநோதமாக இருக்கும். "மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லையே தம்பி, நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார். ஓடுவதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதில் அரைத்ததை யார் விழுங்கப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

கோயம்புத்தூரில் ஹோட்டல், கல்யாண மண்டபம், மாணவர் விடுதி எனப் பெரிய சமையலறைகளின் எந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்த ஊரைச் சுற்றி முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மாதாமாதம் பணம் கட்டும் வசதியான இல்லங்களும் உண்டு. நன்கொடையை நம்பி மாதத்தை ஓட்டும் இல்லங்களும் உண்டு. இரண்டு வகைச் சமையலறைகளுக்குள்ளும் போய்வருகிறேன். வரவேற்பறையில் கண்ணில் படும் வித்தியாசம் சமையலறையில் அந்த அளவுக்குத் தெரிவதில்லை.

ஹோட்டலில் கடைசிக் காவல், சாப்பிடுகிறவர்தான். சட்னி கெட்டிருந்தால் முதல் வாயிலேயே நாக்கு சொல்லிவிடும். சாம்பாரில் கம்பி நார்த் துணுக்கு கிடந்தால் கண்ணில் பட்டுவிடும். சப்ளையரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். இல்லத்தில் அந்தக் காவல் கிடையாது. வயது ஏற ஏற மோப்பமும் ருசியும் மங்குகின்றன. கண்புரை இருக்கும், பல் இருக்காது. பக்கவாதம் வந்தவருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கும் விழுங்குவதே போராட்டம். மறதி நோய் முற்றியவரால் வாயில் ஏதோ உறுத்துகிறது என்று சொல்ல முடியாது. சொல்ல முடிகிறவர்களும் பல நேரம் சொல்வதில்லை. இருக்க இடம் கொடுத்துச் சாப்பாடும் போடுகிறார்களே, குறை சொல்வானேன் என்று தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்களுடைய நாக்காகவும் மூக்காகவும் கண்ணாகவும் வேறொருவர் இருந்தாக வேண்டும். என் அனுபவத்தில் அதற்குத் தகுதியானவர் சமையல்காரர் ஒருவரே. ஆனால் பெரும்பாலான இல்லங்களில் ஓடுகிற எந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. நிர்வாகியிடம் கேட்க வேண்டும், அவர் அறங்காவலரிடம் கேட்க வேண்டும். அதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிடுகிறது.

ஜாருக்கு வருகிறேன். மென்று விழுங்க முடியாதவர்களுக்கு எல்லாமே மிக்ஸியில் அரைத்துத்தான் போகிறது: சாதமும் பருப்பும், வேகவைத்த கேரட், கீரை, சில நேரம் இட்லியும். விழுங்கும் சிரமம் உள்ளவர்களின் உணவுப் பதத்தை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. அதில் நான்காவது படிதான் இந்தக் கூழ்ப் பதம். கரண்டியில் எடுத்தால் வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். கட்டி, நார், திப்பி எதுவும் இருக்கக் கூடாது. முனை மழுங்கிய பிளேடு கீரைத் தண்டின் நாரை அறுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் மசிந்த மாதிரிதான் தெரியும். அந்த நார் தொண்டையில் சிக்கிப் புரையேறினால், உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரை போகும். கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மழுங்கினால் பிளேடை மாற்றுங்கள்.

பிளேடின் ஓரத்தை விரலால் தடவாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். விரலி மஞ்சளையும் காய்ந்த கொப்பரையையும் அதே ஜாரில் போட்டு அடித்திருந்தால் நுனியில் ஒரு துளி பெயர்ந்திருக்கும். பெயர்ந்த அந்தத் துளி எங்கே போனது என்ற கேள்விக்கு எந்தச் சமையலறையிலும் எனக்குப் பதில் கிடைத்ததில்லை. அடுத்து, ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டி, வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டுங்கள். தண்ணீரில் கருப்பாக மெல்லிய படலம் மிதந்தால் பிளேடுக்கு அடியில் இருக்கும் வாஷரும், அச்சைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்த வழியாக உணவு கீழே இறங்குகிறது, கீழே இருக்கும் கிரீஸ் மேலே ஏறுகிறது. கடைசியாக மூடி. கரண்டிக் காம்பால் மூடியின் ரப்பர் வளையத்தை நெம்பி எடுங்கள். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். சில இடங்களில் அது பச்சையாகவே இருக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவிய ஜார்தான். வளையத்தைக் கழற்றிக் கழுவச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முகர்ந்து பார்க்கச் சொன்னால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பிறகு எந்த அக்காவுக்கும் நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படிக்க வேண்டும். வீட்டு மிக்ஸிகளின் தகட்டில் 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் நிறுத்தி, மொத்தம் 30 நிமிடம் என்கிற மாதிரி எழுதியிருக்கும். நாற்பது பேருக்குச் சட்னியும், அதன் பிறகு படுக்கையில் இருப்பவர்களுக்குக் கூழும் அரைத்தால் அந்தக் கணக்கு காலை எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. மோட்டார் சூடேறி நின்றதும், அடியில் வெளியே வந்திருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டுகிறார்கள். மோட்டார் எரியாமல் காப்பாற்றத்தான் அந்தப் பொத்தானே இருக்கிறது. ஒரே காலையில் பலமுறை அது வெளியே வருகிறது என்றால், அந்த வேலைக்கு அந்த மிக்ஸி போதாது.

பல இல்லங்களில் அந்த மிக்ஸியே நன்கொடையாக வந்ததாகத்தான் இருக்கும். இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டில் புதியது வாங்கியதும், "பழையது நன்றாகத்தான் இருக்கிறது, இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ், எர்த் முள் ஒடிந்த பிளக்கோடு கிரைண்டர், பிடி ஆடும் குக்கர். நான்கு பேர் குடும்பத்துக்கே ஒத்துவராது என்று ஒதுக்கியதை நாற்பது பேருக்கு ஓட்டச் சொல்கிறோம். பிறந்த நாளுக்கும் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வடை, பாயசத்தோடு விருந்து போடும் நாளில்தான் அந்தச் சமையலறையில் பெரிய வாணலியும் எல்லா அடுப்புகளும் ஒன்றாக எரிகின்றன. எந்திரங்களுக்கு ஓய்வே இல்லாத நாள் அது. ஒரு முறையாவது விருந்துக்குப் பதிலாக, வணிகப் பயன்பாட்டுக்கான நல்ல மிக்ஸி ஒன்றையோ, கூடுதல் ஜார்களையோ, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடும் செலவையோ ஏற்றுக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்டு முகம் மலராத நிர்வாகியை நான் பார்த்ததில்லை.

கிரைண்டர் எங்கள் ஊர்ப் பெருமை. 1955இல் சபாபதி என்பவர் இங்கே மின் கிரைண்டரை அறிமுகப்படுத்தினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஈரம், இரும்பு, மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகிற எந்திரம் அது. "தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும் தம்பி, செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது" என்று ஒரு அக்கா சாதாரணமாகச் சொன்னார். கிரைண்டருக்கு முன்னால் அவர் நிற்பதற்கு ஒரு மரப்பலகையும் கிடந்தது. அந்தச் சுருக்கு, உள்ளே மின்கசிவு இருப்பதன் அறிகுறி. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போயிருக்கும்; ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டும் முன்பே மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அந்த இல்லத்தில் எர்த் குழி ஈரமில்லாமல் வறண்டு கிடந்தது, கசிவை மண் வாங்கவில்லை. ஆர்.சி.சி.பி. வைத்திருக்கும் இடங்களிலும் அதன் முகப்பில் இருக்கும் 'டி' என்ற டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பழக்கம் அரிது. அழுத்தியதும் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

பெல்ட்டுக்கு மேல் இருக்கும் தகரக் கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ட் மாற்றும்போது கழற்றுவார்கள், திருகு தொலைந்துவிடும், கவசம் பரணுக்குப் போய்விடும். முந்தானை, துப்பட்டா, பின்னல் மூன்றையும் அந்தத் திறந்த பெல்ட் இழுக்கும். கவசம் இல்லாத கிரைண்டரை ஓட்ட மாட்டேன் என்று சொல்ல ஒரு சமையல்கார அம்மாவுக்கு உரிமை வேண்டும். கழுவுவதற்காகக் கை உள்ளே போகும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். அணைத்த சுவிட்சை அவசரத்தில் யாராவது போட்டுவிடுவார்கள்.

கேஸ் விஷயத்தில் இல்லத்தின் நிலைமையே வேறு. எல்.பி.ஜி.க்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். மோப்பம் மங்கியவர்கள் நிறைந்த கட்டடத்தில் அந்த ஏற்பாடு பாதி பலனைத்தான் தரும். இரவு ஒன்பது மணிக்குச் சமையல்காரர் வீட்டுக்குப் போன பிறகு, சமையலறையை ஒட்டிய அறையில் தூங்கும் பாட்டிக்கு நாற்றம் எட்டும் என்று எப்படி நம்புவது? கேஸ் கசிவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இங்கே கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். புகை உணர்வானைப் போல அதைக் கூரையில் மாட்டியிருந்த ஓர் இல்லத்தைப் பார்த்து அதிர்ந்துபோனேன். மாட்டியவர் வேலையை அன்றைக்கே முடித்துப் பணம் வாங்கிப் போய்விட்டார். கேட்பார் இல்லை.

மற்றவை சிறு வேலைகள்தான். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்போ எலிக் கடியோ தெரிந்தால் அன்றே. சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் விடும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதை இன்னும் சிலர் விடவில்லை, அது வேண்டவே வேண்டாம். சிலிண்டர் கழுத்தில் உள்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். பி-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்குள் அந்தச் சிலிண்டரை மறு சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்ததை வாங்க மறுக்கலாம். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைச் சிலிண்டர் அறைக் கதவில் பெரிதாக எழுதி வையுங்கள். இரவில் அடுப்புக் குமிழை மட்டும் மூடிவிட்டுப் போகக் கூடாது, மெயின் வால்வையும் அடைத்துச் சமையலறையையும் பூட்ட வேண்டும். மறதி நோய் உள்ள ஒரு பாட்டி, கணவருக்குக் காபி போட வேண்டும் என்று நடுராத்திரியில் அடுப்பைத் தேடி வருவார். கணவர் இறந்து பல வருடம் ஆகியிருக்கும். இது பல இல்லங்களில் நடக்கிறது.

ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசினால் நிர்வாகிகள் கதவைத் திறந்து உள்ளே கை வைத்துக் காட்டுகிறார்கள்: ஜில்லென்றுதானே இருக்கிறது? கைக்கு 5 டிகிரியும் 11 டிகிரியும் ஒன்றுதான். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்தால்தான் தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள் அது. 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி பெருகும். ஆறிய சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் கிருமியின் ஒருவகை நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. பெரிய அண்டாவில் மிஞ்சிய சாம்பாரை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; கூடவே பக்கத்தில் இருக்கும் பாலையும் தயிரையும் சூடாக்கும். அகலமான தட்டுகளில் பிரித்து ஆறவிட்டு உள்ளே வைக்க வேண்டும். நல்ல உடம்புக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது எண்பது வயது உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை பாதித்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் கொண்டுபோய் விடும்.

ஃபிரிட்ஜ் குளிராமல் போவதற்கு நான் காணும் காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை. பின்பக்கக் கம்பிச் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போர்வை போல் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ் போதும். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காத நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். மூடிய ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். அன்றைக்குப் பாலையும் மாவையும் குறைவாக வாங்குவதும் பராமரிப்புதான்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பல இல்லங்களில் இன்சுலினும் அதே ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரை ஒட்டிச் சொருகி வைத்திருப்பார்கள். அது உறைந்து உருகியிருந்தாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஊசி போட்ட பிறகும் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொண்டிருப்பார். மருந்துக்குத் தனியாக ஒரு சிறிய ஃபிரிட்ஜ், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். சமையலறையில் நான் பரிந்துரைப்பவற்றில் அதிக நிர்வாகிகள் ஏற்றுக்கொண்டது இதுதான்.

குக்கரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் சேஃப்டி வால்வின் உலோகம் உருகி ஆவியை வெளியேற்றும். அது ஒரு முறை உருகிய பிறகு, கடையில் அதே கம்பெனி வால்வு கிடைக்கவில்லை என்று சாதாரண போல்ட்டை முறுக்கி அடைத்த குக்கர் ஒன்றை எடுத்து, நானே வெளியே வைத்துவிட்டு வந்தேன். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து இல்லங்களில் குக்கர் இல்லாமல் சமையலே நடக்காது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு குழையாது. வேகாத பருப்பு முதியவர் வயிற்றுக்கு ஆகாது. அங்கே மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கெட்டும் வால்வும் எப்போதும் ஒரு ஜோடி கூடுதலாகக் கையிருப்பில் இருக்க வேண்டும்.

தீயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணம் நினைவுக்கு வருகிறது. 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. தானாக வெளியேற முடியாதவர்கள் இருக்கும் கட்டடத்தில் சமையலறை எங்கே இருக்கிறது, அதற்கும் படுக்கை அறைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை அதன் பிறகும் நாம் போதிய அளவு கேட்பதில்லை. புகைபோக்கியின் வடிகட்டித் தகட்டில் தொங்கும் எண்ணெய்ச் சொட்டு, வாணலித் தீ மேலே ஏறும் பாதை. வாரம் ஒருமுறை கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை மூடி, வாணலியைப் பொருத்தமான மூடியால் மூட வேண்டும். அந்த மூடி அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாப நோக்கம் உள்ளதோ இல்லாததோ, உணவு வழங்கும் எந்த அமைப்பையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. "நாங்கள் சேவை செய்கிறோம், வியாபாரமா செய்கிறோம்?" என்று ஒரு நிர்வாகி கேட்டபோது இதைத்தான் சொன்னேன். சேவை என்று சொல்வதாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நிர்வாகிகள் என்னிடம் சொல்லும் தடை ஒன்று உண்டு. சமையல்காரருக்கே நிறுத்தும் அதிகாரம் கொடுத்துவிட்டால் சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் எந்திரத்தை நிறுத்திவிடுவார், வேலை நடக்காது என்பார்கள். நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். வேலை தடைப்பட்டால் தன் மேல்தான் பழி வரும் என்று அவர்கள் தாங்க முடியாத கோளாறையும் தாங்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். மரப்பலகையில் நின்றுகொண்டு ஓட்டிய அந்த அக்காவைப் போல. எர்த் குழியைச் சரிசெய்த பிறகு அந்த இல்லத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சமையலறைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். காலை ஃபிரிட்ஜ் டிகிரி, ஜாரின் நிலை, ஏதாவது வித்தியாசமான சத்தம், வாசனை. எழுதப் பழக்கமில்லாதவர்களுக்கும், வட மாநிலத்திலிருந்து வந்திருக்கும் உதவியாளருக்கும் புரிவதற்காகப் படம் வரைந்து, பக்கத்தில் கோடு போட்டால் போதும் என்று வைத்தோம். முதல் பக்கத்தில் அறங்காவலர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம், நிறுத்தியதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டேன்.

அந்த நோட்டில் அக்கா முதலில் நிறுத்தியதாக எழுதியிருந்தது கிரைண்டரைத்தான். சத்தத்தில் மாற்றம் இல்லை, சுருக்கும் இல்லை. ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாசனை, அவ்வளவே. போய்ப் பிரித்துப் பார்த்தேன். மோட்டாருக்குப் போகும் வயர் உடம்பின் தகர விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து செம்பு வெளியே தெரிந்தது. பட்டறைக்கு எடுத்து வந்து வயரை மாற்றி, அது உரசிய துளைக்கு ரப்பர் வளையமும் போட்டேன். கிரைண்டர் திரும்பிப் போகும்வரை காலையில் இட்லி இல்லை. ரவை உப்புமா, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கோதுமை ரவை, படுக்கையில் இருப்பவர்களுக்குப் புது ஜாரில் அரைத்த கஞ்சி. மாவு இல்லையே என்று யாரும் அக்காவைக் கேட்கவில்லை.